நியோடிமியம், பிரசியோடிமியம், லாந்தனம்: மூன்றையும் ரெசின் குழாயில் பிரிக்க முழுமையான வழிகாட்டி

அருமண் தனிமங்களைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், நியோடிமியம் எத்தனையாவது மில்லியில வரும்?” இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. என் குழாயில் வந்த இடத்தில் உங்கள் குழாயில் வராது. ரெசினின் (அயனிகளைப் பிடித்து விடும் நுண்மணிகள்) வயது, அறையின் சூடு, கரைசலின் pH என்று எது மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதனால் இங்கே மில்லி கணக்கைத் தேடாதீர்கள். அந்தக் கணக்கை நீங்களே எடுப்பதற்கான வரிசைதான் இது.

சொல் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் எல்லோரும் காலம் (column) என்றுதான் சொல்வோம். எழுத்தில் அதை நேரம் என்று படித்துவிடுவீர்கள் என்பதால் இங்கே குழாய் என்றே எழுதுகிறேன். சேகரிக்கும் சோதனைக் குழாய்களை டியூப் என்கிறேன்.

1. எதை வைத்துத் தொடங்குவது

கடையில் வாங்கிய சுத்தமான ஆக்சைடுகளை நீங்களே கலந்து தொடங்குங்கள். லாந்தனம், பிரசியோடிமியம், நியோடிமியம் மூன்றும் ஒவ்வொன்றும் 50 மி.கி. போதும். என்ன போட்டோம் என்று தெரிந்தால்தான் வெளியே வந்தது சரியா என்று பார்க்க முடியும்.

பழைய ஹார்டு டிஸ்க் காந்தத்தை உடைத்துக் கரைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு. முதலில் அருமண்களை ஆக்சலேட்டாக வீழ்படிவாக்கி இரும்பை நீக்காமல் குழாய்ப் பக்கம் போகக் கூடாது. மணவாளக்குறிச்சி மணலை அள்ளி வரலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடாது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள் அது.

சீரியத்தை இந்தக் கலவையில் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதை +4 நிலைக்கு ஏற்றித் தனியே வீழ்த்துவது குழாயில் பிரிப்பதைவிட எவ்வளவோ எளிது. வேறு சுலபமான வழி இருக்கும் தனிமத்துக்குக் குழாயில் இடம் கொடுக்க வேண்டாம்.

2. ஏன் பிரிகிறது

மூன்றும் +3 அயனிகள். பிரசியோடிமியத்தின் ஆரம் 99.0 பிக்கோமீட்டர், நியோடிமியத்தின் ஆரம் 98.3. இந்த 0.7 வித்தியாசத்தை ரெசின் தனியாகக் கண்டுகொள்ளாது. அதற்கு ஆல்ஃபா ஹைட்ராக்சி ஐசோபியூட்டிரிக் அமிலம் துணைக்கு வர வேண்டும். ஆய்வகத்தில் சுருக்கமாக ஹைபா.

சின்ன அயனி ஹைபாவை இறுக்கிப் பிடிக்கும், ரெசினை விட்டு முன்னதாகக் கிளம்பும். அருமண்களில் கனம் கூடக் கூட அயனி சிறிதாகும். ஆக, கனமானது முதலில் வரும், லேசானது கடைசியில். நம் கலவையில் நியோடிமியம், பிரசியோடிமியம், லாந்தனம் என்பதே வரிசை. முழு வரிசையையும் ஓட்டினால் லுட்டீஷியம் முதலில் வரும். இட்ரியம் மட்டும் டிஸ்புரோசியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து தொல்லை கொடுக்கும்; அது இன்னொரு நாள் கதை.

3. கையில் இருக்க வேண்டியவை

உள்விட்டம் 1 செ.மீ., உயரம் 60 செ.மீ. உள்ள கண்ணாடிக் குழாய், அடியில் நுண்துளைத் தட்டு, டெஃப்லான் திருகு. டவெக்ஸ் 50 வகை ரெசின், 8 சதவீதக் குறுக்குப் பிணைப்பு, 200-400 மெஷ் (எண் கூடினால் மணி சிறிது). 100 மெஷ் ரெசின் வேகமாக ஓடும், ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களைப் பிரிக்காது.

நம்பகமான pH மீட்டர். 4.01, 7.00 இரண்டு பஃபர்களும் புதிதாக இருக்கட்டும். அயனி நீக்கிய நீர் தாராளமாக வேண்டும். 5 மி.லி. டியூப்கள் குறைந்தது 150. எண்களை ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். நடுராத்திரியில் எழுதினால் 67 இரண்டு முறை வரும், எனக்கு வந்திருக்கிறது.

4. ரெசினைத் தயார் செய்தல்

35 மி.லி. ஈர ரெசினை பீக்கரில் எடுத்து நீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே மிதக்கும் மாவு போன்ற தூளைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். மேல்நீர் தெளியும் வரை இதைச் செய்யுங்கள். அந்தத் தூள் உள்ளே போனால் தட்டை அடைக்கும். மூன்றாம் நாள் ஓட்டம் நின்றுபோகும்.

பிறகு 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மூன்று முறை கழுவினால் ரெசினில் ஏற்கெனவே இருக்கும் இரும்பு மஞ்சளாக இறங்கும். நிறம் வருவது நின்றதும் நீரில் கழுவி நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து 1 மோலார் அமோனியம் குளோரைடு. ஊற்றி, கலக்கி, சாய்த்து, மறுபடி ஊற்றி, வெளியே வரும் நீரின் pH உள்ளே ஊற்றியதன் pH அளவுக்கு ஏறும் வரை செய்யுங்கள். இந்த மாற்றத்தைக் குழாய்க்குள் செய்யாதீர்கள். அமில வடிவிலிருந்து அமோனியம் வடிவுக்கு மாறும்போது ரெசின் சுருங்கும். நிரப்பிய பிறகு சுருங்கினால் படுகையில் (குழாய்க்குள் படிந்து நிற்கும் ரெசினில்) இடைவெளி விழும், கரைசல் அந்த வழியே ஓடிவிடும்.

5. குழாயில் நிரப்புதல்

குழாயில் கால் பங்கு நீர் விட்டு, ரெசினை இட்லி மாவுப் பதத்துக்குக் கலக்கி, ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அடுக்கு உண்டாகும். ரெசினில் இறங்கும் ஒவ்வொரு தனிமத்தின் பட்டையும் அங்கங்கே கோணும். திருகைத் திறந்தபடியே படியவிட்டு, 40 செ.மீ. உயரம் வந்ததும் நிறுத்துங்கள். படுகைக் கொள்ளளவு சுமார் 31 மி.லி.

மேலே எப்போதும் 2 செ.மீ. நீர் நிற்க வேண்டும். ஒரு முறை வறண்டு காற்று உள்ளே போனால் தட்டிக் கொட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முழுவதையும் வெளியே எடுத்து மறுபடி நிரப்புங்கள். அரை மணி நேர வேலை அது. இரண்டு நாள் ஓட்டம் வீணாவதைவிட மேல்.

6. ஹைபா கரைசல்: பாதி வெற்றி இங்கேதான்

மூன்று கரைசல்கள் வேண்டும்: 0.2, 0.3, 0.5 மோலார். மூன்றும் pH 4.6. ஹைபாவின் மூலக்கூறு எடை 104.1, ஆகவே 0.2 மோலாருக்கு லிட்டருக்கு 20.8 கிராம்.

20.8 கிராமை 900 மி.லி. நீரில் கரைத்து, புகைக் கூண்டுக்குள் வைத்து, கலக்கியபடியே அமோனியா சேருங்கள். 25 சதவீத அமோனியா ஏறக்குறைய 12 மி.லி. பிடிக்கும். 10 மி.லி.க்கு மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாட்டில் பழையதானால் கூடுதலாகப் பிடிக்கும். கணக்கை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள். ஆறிய பிறகு மறுபடி அளந்து, லிட்டருக்கு நிரப்பி, இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்த அமிலத்தில் pH 4.0-இல் ஏறக்குறைய பாதிதான் எதிர்மின் அயனியாக இருக்கும். 4.6-இல் சுமார் 80 சதவீதம். அருமண் அயனியைப் பிடிப்பது அந்த எதிர்மின் அயனிதான், அதுவும் ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்து பிடிக்கும். கூடவே ரெசினிலிருந்து தள்ளிவிடும் அமோனியம் அயனியும் pH-ஐப் பொறுத்தே கூடும், குறையும். ஆகவே pH-இல் வரும் சிறு மாற்றம் பல மடங்காகப் பெருகித்தான் வெளியே தெரியும். 0.1 பிசகினாலே உச்சி (ஒரு தனிமம் அதிகமாக வெளிவரும் இடம்) பத்துக் கணக்கான மி.லி. தள்ளிப்போகும்.

இன்னொரு தவறு: pH 4.8-க்குத் தாண்டிவிட்டால் இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு இறக்கிவிடுவது. மீட்டர் 4.6 காட்டும், ஆனால் உள்ளே அமோனியம் கூடுதலாக இருக்கும். எல்லாம் சீக்கிரமாக இறங்கும். தாண்டினால் அந்தக் கரைசலைக் குழாய் கழுவ ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

பிறகு 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, வெற்றிடத்தில் காற்றை நீக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓட்டுவதற்கு முந்தைய நாளே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த கரைசல் குழாய்க்குள் சூடேறும்போது குமிழ் விடும். வெளியிலேயே விட்டுவைத்தால் சில வாரங்களில் பஞ்சு போல ஏதோ மிதக்கும். பூஞ்சைதான். கொட்டிவிடுங்கள்.

கடைசியில் 0.2 மோலார் கரைசலைக் குழாயில் 3 படுகைக் கொள்ளளவு ஓட்டி, வெளிவருவதன் pH 4.6 ஆகிறதா என்று பாருங்கள். ஆனதும் 2 படுகைக் கொள்ளளவு நீர் விட்டு ஹைபாவைக் கழுவி நீக்குங்கள். படுகையில் ஹைபா மிச்சமிருந்தால் மாதிரி ஏறும்போதே நகரத் தொடங்கி, பட்டை ஆரம்பத்திலேயே அகன்றுவிடும்.

7. மாதிரியைக் கரைத்தல்

லாந்தனம், நியோடிமியம் ஆக்சைடுகளை 900 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டு, உலர்கலனில் ஆறவைத்து, உடனே எடை போடுங்கள். லாந்தனம் ஆக்சைடு காற்றில் இருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தராசுத் தட்டில் வைத்த நிலையிலேயே எடை ஏறுவதைப் பார்க்கலாம். சுடாமல் எடுத்த 50 மி.கி.யில் எவ்வளவு லாந்தனம் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றையும் ஒரே பீக்கரில் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரையுங்கள். கறுப்பான பிரசியோடிமியம் ஆக்சைடு கடைசியில் கரையும், கரையும்போது குளோரின் வாயுவை விடும். புகைக் கூண்டு கட்டாயம்.

கரைந்ததும் ஈர உப்பாகும் வரை மட்டும் ஆவியாக்குங்கள். முழுக்க வறட்டிச் சூடாக்கினால் ஆக்சிகுளோரைடு உண்டாகி நீரில் கலங்கலாக நிற்கும். ஈர உப்பை 5 மி.லி. 0.05 மோலார் அமிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. குழாயில் ஏற்றுதல்

முதலில் ஒரு கணக்கு. இந்த ரெசினின் கொள்திறன் மி.லி.க்கு 1.7 மில்லி சமானம், 31 மி.லி.க்கு சுமார் 53. நம் கலவை மொத்தம் 0.9 மில்லி மோல், +3 அயனிகள் என்பதால் மூன்றால் பெருக்கினால் 2.7 மில்லி சமானம். அதாவது 5 சதவீதம். 40 செ.மீ. படுகையில் மேல் 2 செ.மீ.யை அது பிடிக்கும். மிச்சம் 38 செ.மீ. பிரிவதற்கான ஓட்டப்பாதை. “இன்னும் கொஞ்சம் ஏத்தினா என்ன?” என்று கேட்டு 200 மி.கி. வீதம் ஏற்றியவர்கள் ஓட்டப்பாதையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே தின்றுவிட்டார்கள்.

நீர் மட்டத்தை ரெசின் தொடும் வரை இறக்கித் திருகை மூடுங்கள். மாதிரியை பிப்பெட்டில் எடுத்து, குழாயின் உள்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி விடுங்கள். ரெசினின் மேற்பரப்பில் பள்ளம் விழக் கூடாது. பள்ளம் விழுந்தால் பட்டை சாய்வாகத் தொடங்கும், சாய்வாகவே இறங்கி, பக்கத்துத் தனிமத்தோடு கலக்கும்.

திருகை மெல்லத் திறந்து, மாதிரி உள்ளே போனதும் பீக்கரை 1 மி.லி. நீரில் இரண்டு முறை கழுவி அதையும் ஏற்றுங்கள். அப்புறம் 0.1 மோலார் அமோனியம் குளோரைடு ஒரு படுகைக் கொள்ளளவு, அடுத்து நீர் ஒரு படுகைக் கொள்ளளவு. மாதிரியோடு வந்த அமிலத்தை அமோனியம் குளோரைடு வெளியேற்றும், அருமண் அயனிகளை அசைக்காது. இந்தக் கழுவலைத் தவிர்த்தால் ஹைபா அந்த அமிலத்தைச் சந்தித்து வலுவிழக்கும், பட்டையின் முன்பக்கம் கிழிந்த மாதிரி வரும்.

9. ஓட்டுவதும் சேகரிப்பதும்

0.2 மோலார் ஹைபாவை நிமிடத்துக்கு 0.5 மி.லி. வேகத்தில் விடுங்கள். ஒரு டியூப் நிரம்பப் பத்து நிமிடம். 500 மி.லி. ஓட ஏறக்குறைய 17 மணி நேரம். மாலையில் தொடங்கினால் இரவில் யார் இருப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டி வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அயனி ரெசின் மணிக்குள் போய் வெளிவர நேரம் எடுக்கும். வேகம் கூடினால் உச்சிகள் அகன்று ஒன்றன் மேல் ஒன்று ஏறும்.

துளிகளை எண்ணி டியூப் மாற்றும் கருவி இருந்தால், ஹைபாவை வைத்தே துளியின் அளவைக் கணக்கிடுங்கள். நீரின் துளிக்கும் இதன் துளிக்கும் அளவு ஒன்றாக இருக்காது.

ஏசி அறையானால் அதே வெப்பநிலையில் முழு ஓட்டமும் நடக்கட்டும். ஒரு முறை நடுவில் நான்கு மணி நேரம் மின்சாரம் போய், அறை சூடேறி, குழாயின் நடுவில் கடுகளவு குமிழ்கள் வரிசையாக நின்றன. அந்த ஓட்டத்தில் வந்த பிரசியோடிமியத்தை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நியோடிமியம் முழுக்க வந்து வால் (கடைசியில் மெலிந்து வரும் மிச்சம்) அடங்கிய பிறகே 0.3 மோலாருக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டால் பின்னால் வரும் பிரசியோடிமியம் வேகமெடுத்து நியோடிமியத்தின் வாலைப் பிடித்துவிடும். பிரசியோடிமியம் அடங்கியதும் 0.5 மோலாருக்கு மாறலாம். லாந்தனம் இவற்றுக்கு நன்றாகவே பின்னால் நிற்கும். அங்கே தாராளமாக வேகப்படுத்தலாம்.

10. எந்த டியூபில் என்ன இருக்கிறது

நிறம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். டியூபை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, மேலிருந்து கீழே பாருங்கள். நியோடிமியம் உச்சியில் இருக்கும் டியூபில் கத்திரிப்பூ நிறத்தின் சாயல் தெரியும். பிரசியோடிமியத்தில் வாழைக்குருத்தின் வெளிர் பச்சை. லாந்தனத்துக்கு நிறமே இல்லை.

அதனால் முதலில் ஆர்செனாசோ-3 சோதனை. pH 3 ஃபார்மேட் பஃபரில் கரைத்த நிறமியைத் துளித்தட்டின் குழிகளில் விட்டு, ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு சிறு துளி சேருங்கள். இளஞ்சிவப்பு நீலப்பச்சையானால் அருமண் இருக்கிறது. பஃபர் தாராளமாக இருக்கட்டும். ஹைபா pH-ஐ ஏற்றிவிட்டால் நிறத்தை நம்ப முடியாது. இந்தச் சோதனையை ஓடும்போதே செய்யுங்கள். கரைசலை எப்போது மாற்றுவது என்று சொல்வது இதுதான்.

அருமண் இருக்கிறது என்று மட்டும்தான் ஆர்செனாசோ சொல்லும், எது என்று சொல்லாது. அதற்கு நிறமாலைமானி. ஒளி உறிஞ்சலைப் பிரசியோடிமியத்துக்கு 444 நானோமீட்டரிலும் நியோடிமியத்துக்கு 575-இலும் பாருங்கள். ஆனால் பிரசியோடிமியத்துக்கு 590-ஐ ஒட்டியும் ஓர் உறிஞ்சல் பட்டை உண்டு, அதன் ஓரம் 575-இல் கசியும். இரண்டும் கலந்திருக்கும் என்று சந்தேகிக்கும் டியூப்களில் நியோடிமியத்தை 794-இல் பாருங்கள். அங்கே பிரசியோடிமியம் குறுக்கிடாது. லாந்தனத்துக்கு இந்த அளவீடு எதுவும் உதவாது. நிறமில்லாமல், ஆர்செனாசோவுக்கு மட்டும் பதில் சொன்னால் லாந்தனம்.

டியூப் எண்ணை கிடையாகவும் அளவீட்டைச் செங்குத்தாகவும் வைத்து வரைபடம் போடுங்கள். தொடக்கத்தில் கேட்ட “எத்தனையாவது மில்லி”க்கு உங்கள் குழாய் சொல்லும் பதில் அந்த வரைபடம்தான். இதே ரெசின், இதே வெப்பநிலை, இதே pH இருக்கும் வரை அது செல்லும்.

11. வரைபடம் சரியில்லை என்றால்

“எல்லாம் ஒண்ணா வந்துடுச்சு அண்ணா” என்று ஒரு ஜூனியர் வந்து நின்றான். ரெசினைப் பார்த்தோம், ஏற்றிய அளவைப் பார்த்தோம், குறை இல்லை. கடைசியில் pH மீட்டரை 7.00 பஃபரில் மட்டும் சரிபார்த்திருந்தான், 4.01-ஐத் தொடவே இல்லை. மீட்டர் 4.6 என்று சொன்னது உண்மையில் 4.9. முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள்.

உச்சியின் முன்பக்கம் சரிந்தும் பின்பக்கம் செங்குத்தாகவும் இருந்தாலோ, இதற்கு நேர்மாறாக நீண்ட வால் விட்டாலோ, அடுத்த முறை பாதி அளவு ஏற்றிப் பாருங்கள். வடிவம் சீரானால் காரணம் அதிகச் சுமை. மாறவே இல்லை என்றால் படுகையில் கோளாறு, பிரித்து நிரப்புங்கள்.

ஒன்றுமே வரவில்லை என்றால் கரைசல் நீர்த்துப்போயிருக்கிறது அல்லது pH குறைவு. மாதிரி எங்கும் போய்விடவில்லை, ரெசினில்தான் இருக்கிறது. 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் எல்லாம் இறங்கிவிடும். அவசரத்தில் அடர் நைட்ரிக் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள். கரிம ரெசினும் சூடான அடர் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

12. ஆக்சைடாக மீட்டல்

சுத்தமான டியூப்களை மட்டும் ஒன்றாக்குங்கள். நியோடிமியமும் பிரசியோடிமியமும் கலந்து நிற்கும் நடு டியூப்களை “ஒண்ணு ரெண்டு தானே” என்று சேர்க்கக் கூடாது. அவற்றுக்குத் தனி பாட்டில் வைத்து, நாலைந்து ஓட்டங்களின் கலப்பு சேர்ந்ததும் மறுபடி குழாயில் ஏற்றலாம்.

ஒன்றாக்கிய கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் pH 2-க்கு இறக்குங்கள். ஹைபா தன் பிடியை விட்டுவிடும். 70 டிகிரிக்குச் சூடாக்கி, 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தை மெல்லச் சேர்த்து, இரவு முழுக்க விடுங்கள். சூட்டில் மெதுவாகச் சேர்த்தால் படிகம் பெரிதாகும், வடிதாளில் நிற்கும். குளிர்ந்த நிலையில் கொட்டினால் பால் மாதிரி ஆகி, வடிதாளைக் கடந்து கீழே போய்விடும்.

வடித்து, கழுவி, 900 டிகிரியில் சுடுங்கள். லாந்தனம் வெள்ளையாக வரும், பிரசியோடிமியம் கறுப்பாக. நியோடிமியம் ஆக்சைடு வெளிர் நீலமாக இருந்தால் உங்கள் வேலை சுத்தம். பழுப்போ சாம்பலோ தட்டினால் பிரசியோடிமியம் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. விலை உயர்ந்த கருவிக்கு மாதிரி அனுப்பும் முன்பே மூசையைத் திறந்ததும் தெரிந்துவிடும். எவ்வளவு கலப்பு என்று எண்ணில் வேண்டுமானால் ஐசிபி-எம்எஸ் (தனிமங்களின் அளவைக் காட்டும் நிறை நிறமாலைமானி).

13. குழாயை மூடிவைத்தல்

6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 படுகைக் கொள்ளளவு விட்டு மிச்சத்தை இறக்குங்கள். அதை ஆர்செனாசோவில் பார்த்து, அருமண் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு நடுநிலையாகும் வரை நீர். அமில வடிவில் ரெசின் உப்பியிருக்கும். அடுத்த ஓட்டத்துக்கு அதை வெளியே எடுத்து, நான்காம் படியில் அமோனியம் குளோரைடிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அதுவரை மேலே நீர் நிற்க, இரண்டு முனையும் மூடி, தேதியும் எத்தனையாவது ஓட்டம் என்பதும் எழுதிய சீட்டைக் குழாயில் ஒட்டிவிடுங்கள். கழிவு அமிலத்தைச் சுண்ணாம்பு நீரால் நடுநிலையாக்கிக் கழிவு கேனில் ஊற்றுங்கள், சிங்கில் வேண்டாம்.